எயிட் பால் கேமை வேகமாக்குறது எப்படி? எங்க வெட்டலாம், எங்க வெட்டக்கூடாது

(எபிசோடோட திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு வழக்கை முடிஞ்ச வரைக்கும் அப்படியே விட்டிருக்கோம்.)

இன்னைக்கு பூல் பத்திப் பேசலாம். நீச்சல் குளம் இல்ல, குச்சியால பந்தை அடிக்கற பூல். அதுலயும் எயிட் பால்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு பூல் பார்லர். ஆறு பேர் போறீங்க, ஒரு டேபிள் எடுக்கறீங்க, மணிக்கணக்குல காசு. ரெண்டு பேர் ஆடறாங்க, நாலு பேர் சோஃபால உக்காந்து போன் பாக்கறாங்க. ஒரு கேம் முடிய இருபது நிமிஷம் ஆகுது. மணி முடியும்போது ஒருத்தர் மூணு கேம் ஆடியிருப்பார், இன்னொருத்தர் குச்சியையே தொட்டிருக்க மாட்டார். ஆனா பில் மட்டும் ஆறா பிரிச்சு எல்லாருக்கும் வரும்.

ஆபீஸ் டோர்னமெண்ட்லயும் இதே கதைதான். 16 பேர் பேர் கொடுப்பாங்க. ராத்திரி ஏழு மணிக்கு செமி ஃபைனல் ஓடிக்கிட்டிருக்கும், பாக்க ஆளே இருக்க மாட்டாங்க. முதல் ரவுண்ட்ல தோத்தவங்க மதியமே வீட்டுக்குப் போயிருப்பாங்க.

அதனால எயிட் பாலை வேகமா ஆட உலகம் முழுக்க நிறைய முறை வெச்சிருக்காங்க. கடிகாரம் வெக்கறது, விதியை மாத்தறது, பந்தைக் குறைக்கறது, மேட்ச்சைச் சுருக்கறது. எல்லாமே வேலை செய்யும், ஆனா எல்லா இடத்துலயும் இல்ல. ப்ரோ ஆளுங்களுக்கு வேலை செய்யறது நமக்கு வேலை செய்யாது. ஏன்னு புரிஞ்சா உங்க டேபிளுக்கு எது சரின்னு நீங்களே முடிவு பண்ணலாம்.

முதல்ல, ஆட்டம் என்னன்னு ஒரு நிமிஷம்

தெரிஞ்சவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். டேபிள் மேல வெள்ளைப் பந்து தவிர 15 பந்து. 1 முதல் 7 வரை முழுக்கலர், அதாவது சாலிட். 9 முதல் 15 வரை பட்டை போட்டது, ஸ்ட்ரைப். நடுவுல கறுப்பு 8. ஒருத்தருக்கு சாலிட், இன்னொருத்தருக்கு ஸ்ட்ரைப். உங்க ஏழையும் போட்டுட்டு கடைசியா 8ஐப் போட்டா ஜெயிச்சீங்க. நேரத்துக்கு முன்னாடி 8ஐப் போட்டா தோத்தீங்க. பந்து விழற வரைக்கும் உங்க டர்ன், மிஸ் ஆனா எதிராளி டர்ன்.

சுமார் 1900 வாக்குல அமெரிக்கால உருவான ஆட்டம் இது. 1925ல பிரன்ஸ்விக் கம்பெனி ஏழு சிவப்பு, ஏழு மஞ்சள், ஒரு கறுப்புன்னு நம்பர் இல்லாத செட்டே வித்தாங்க. பிரிட்டிஷ் பப்கள்ல இன்னைக்கும் பாக்கற சிவப்பு மஞ்சள் பந்து அதே அமைப்புதான்.

நேரம் எங்க போகுது?

சாஃப்ட்வேர் வேலைல ஒரு பழக்கம் உண்டு. ப்ரோக்ராம் மெதுவா ஓடினா கண்ணுல பட்டதை எல்லாம் மாத்த ஆரம்பிக்கக் கூடாது. நேரம் எங்க செலவாகுதுன்னு முதல்ல அளக்கணும். பூலுக்கும் அதே மாதிரி பாக்கலாம். ஒரு மேட்ச்சோட நேரம் மூணு எண்ணோட பெருக்கல்:

கேம் எண்ணிக்கை × ஒரு கேம்ல எத்தனை ஷாட் × ஒரு ஷாட்டுக்கு எத்தனை நொடி.

இது போக ஒவ்வொரு கேமுக்கும் பந்து அடுக்க ரெண்டு நிமிஷம். அவ்வளவுதான். எந்த வேக முறையை எடுத்தாலும் இந்த மூணுல ஒண்ணைத்தான் குறைக்குது.

இப்ப ப்ரோ ஆளையும் நம்மையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒரு கேம் ஜெயிக்க பிரேக் ஒண்ணு, பந்து எட்டு, ஆக ஒன்பது ஷாட் போதும். பிரேக்லயே ஒண்ணு விழுந்தா அதைவிடக் கம்மி. நல்ல ப்ரோ பல கேம்கள்ல ஒரே டர்ன்ல முடிச்சுடுவார். அவரோட ஷாட் எண்ணிக்கை ஏற்கெனவே தரையைத் தொட்டுக்கிட்டிருக்கு, அதுக்கு மேல குறைக்க வழியில்ல. அவர் நேரம் போறது யோசிக்கறதுல. டேபிளைச் சுத்தி நடப்பார், குனிவார், எழுந்திருப்பார், சாக் தேய்ப்பார்.

நம்ம கதை வேற. மூணு தடவை அடிச்சா ஒண்ணு விழும்னு வெச்சுப்போம், வாரக் கடைசில ஆடற ஆளுக்கு அது நல்ல ரேட்டுதான். எதிராளியும் அதே ரகம். அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கேமுக்கு சராசரியா 40 ஷாட் அடிப்பாங்க. ஷாட்டுக்கு 20 நொடின்னாலும் 13 நிமிஷம், அடுக்கற நேரமும் சேர்ந்தா 15. நாம யாரும் ஷாட்டுக்கு ஒரு நிமிஷம் யோசிக்கறதில்ல, டக்குனு அடிச்சு டக்குனு மிஸ் பண்றோம். நம்ம நேரத்தைத் தின்கறது நொடி இல்ல, ஷாட் எண்ணிக்கை.

அதனாலதான் டிவில பாத்த கடிகாரத்தை அப்படியே ஆபீஸ் டேபிளுக்குக் கொண்டு வந்தா பெரிசா பலன் இருக்காது. வீணாப் போற ஷாட்டைக் குறைக்கறதுதான் நமக்கு முதல் வேலை.

வெட்டு 1: ஃபவுலுக்குத் தண்டனை

வெள்ளை பாக்கெட்ல விழுந்துடுச்சு, ஃபவுல். அடுத்து என்ன? நிறைய இடத்துல வீட்டு விதி என்னன்னா, பிரேக் அடிக்கற கோட்டுக்குப் பின்னாடி வெள்ளையை வெக்கணும், கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற பந்தைத்தான் அடிக்கணும்.

கேக்க நியாயமா தெரியும். ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு. உங்க பந்துகள்ல மூணு கோட்டுக்குப் பின்னாடி கிடக்குன்னு வெச்சுக்கங்க. எதிராளி வேணும்னே வெள்ளையை பாக்கெட்ல போடறார். இப்ப உங்களால அந்த மூணையும் நேரா அடிக்க முடியாது. தப்பு பண்ணவருக்கு லாபம், உங்களுக்கு ஒரு டர்ன் வீண்.

உலக பூல் சங்கத்தோட விதிப்படி ஃபவுலுக்குத் தண்டனை பால் இன் ஹேண்ட். வெள்ளையைக் கைல எடுத்து டேபிள்ல எங்க வேணும்னாலும் வெச்சு, எந்தப் பக்கம் வேணும்னாலும் அடிக்கலாம். நேரம் ரெண்டு விதத்துல மிச்சமாகுது. ஃபவுலுக்கு அப்புறம் வர்றவருக்கு ஒரு பந்தாவது கிட்டத்தட்ட நிச்சயம், அதனால அந்த டர்ன் வீணாகறதில்ல. அதைவிட முக்கியம், வேணும்னே ஃபவுல் பண்ண யாருக்கும் காரணமே இருக்காது.

நைன் பால் ஆட்டத்துல இது பெரிய அளவுல நடந்துச்சு. பழைய முறைல, நல்ல ஷாட் இல்லன்னா கேம்ல எப்ப வேணும்னாலும் வெள்ளையை உருட்டி விட்டுட்டு 'நீ அடிக்கறியா, நான் அடிக்கவா'ன்னு எதிராளிகிட்ட தள்ளிவிடலாம். டெக்சாஸ் எக்ஸ்பிரஸ்னு பேர் வாங்கின விதிகள் அதை பிரேக்குக்கு அடுத்த ஷாட்டுக்கு மட்டும்னு சுருக்கி, மத்த எந்த ஃபவுலுக்கும் உடனே பால் இன் ஹேண்ட்னு ஆக்குச்சு. பேர்லயே எக்ஸ்பிரஸ் இருக்கு பாருங்க. இன்னைக்கு நைன் பால் ஆடற விதம் அதுலேர்ந்து வந்ததுதான்.

இதோட இன்னொரு விதியும் சேர்த்துக்கங்க, இதுவும் உலக விதிதான். வெள்ளை உங்க பந்தைத் தொட்ட பிறகு ஏதாவது ஒரு பந்து பாக்கெட்ல விழணும், இல்ல குஷனைத் தொடணும். ரெண்டும் நடக்கலன்னா ஃபவுல். 'சும்மா தொட்டு விட்டுட்டேன்'ங்கற ஷாட்டுக்கு இடமே இல்ல. எனக்குக் கேட்டா, இந்த ரெண்டையும் போட்டாலே நண்பர்கள் ஆடற கேம்ல பாதி இழுவை போயிடும்.

வெட்டு 2: சொல்லி அடிக்கறதும் கடைசி பாக்கெட்டும்

உலக விதில ஒவ்வொரு ஷாட்டுக்கும் எந்தப் பந்து எந்தப் பாக்கெட்னு முன்கூட்டியே சொல்லணும். பாத்தாலே தெரியற ஷாட்டுக்கு வாய் திறக்க வேண்டாம், மத்ததுக்கு சொல்லணும். சொல்லாதது விழுந்தா பந்து உள்ளயே இருக்கும், டர்ன் போயிடும்.

திறமைசாலிகளுக்கு இது பிரச்சினையே இல்ல. ஆனா புதுசா ஆடறவங்களுக்கு விழற பந்துல பாதி அதிர்ஷ்டத்துல விழறதுதான். அதுக்கும் டர்ன் போனா கேம் நீளும். கூடவே 'நான் இதைத்தான் சொன்னேன்', 'இல்ல நீ சொல்லல'ன்னு ஒரு சண்டை. அதுக்கும் அஞ்சு நிமிஷம்.

அமெரிக்கால ஏபிஏன்னு ஒரு பெரிய அமெச்சூர் லீக் இருக்கு, பார்கள்ல ஆடற சாதாரண ஆளுங்களுக்கானது. அவங்க எயிட் பால்ல 1 முதல் 15 வரை எப்படி விழுந்தாலும் செல்லும். 8ஐ மட்டும் எந்தப் பாக்கெட்னு முதல்லயே காட்டிட்டு அடிக்கணும். ஜெயிக்கற பந்து மட்டும் அதிர்ஷ்டத்துல விழக் கூடாது, மத்ததெல்லாம் போகட்டும். வேகத்துக்கும் நியாயத்துக்கும் நடுவுல இது நல்ல இடம்.

தூக்கிப் போட வேண்டிய வீட்டு விதி ஒண்ணும் இருக்கு: 'உன் கடைசிப் பந்து விழுந்த பாக்கெட்லதான் 8ஐயும் போடணும்.' நிறைய ஊர்ல புழங்கற விதி இது. விளைவு என்னன்னா, ரெண்டு பேரும் 8ல வந்து நின்னுட்டு பத்து டர்ன் மாத்தி மாத்தி மிஸ் பண்ணுவாங்க. கேமோட கடைசி நிமிஷம்தான் விறுவிறுப்பா இருக்கணும், இந்த விதி அதையே ஜவ்வா இழுக்குது. எந்தப் பாக்கெட்னு அடிக்கறதுக்கு முன்னாடி சொன்னா போதும்.

வெட்டு 3: பந்தைக் குறைக்கறது

நமக்கு ரொம்ப லாபமானது இது. ஏழு ஏழு எதுக்கு? நாலு நாலு வெச்சுக்கங்க. நாலு சாலிட், நாலு ஸ்ட்ரைப், ஒரு கறுப்பு. மொத்தம் ஒன்பது.

ஒன்பது பந்து வைர வடிவத்துல கச்சிதமா உக்காரும். நைன் பால்ல அடுக்கற மாதிரி ஒண்ணு, ரெண்டு, மூணு, ரெண்டு, ஒண்ணு. நடுப் பந்து 8. அதைச் சுத்தி எட்டு இடம், சாலிட் ஸ்ட்ரைப் சாலிட் ஸ்ட்ரைப்னு மாத்தி மாத்தி வெச்சா சரியா முடியும். முக்கோண ஃப்ரேம் மட்டும்தான் இருக்குன்னா அதுக்குள்ளயே கையால வைரத்தை அமைச்சுட்டு மெதுவா எடுங்க.

கணக்கு பாருங்க. ஜெயிக்கத் தேவையான பந்து எட்டுலேர்ந்து அஞ்சா குறையுது. மூணுக்கு ஒண்ணு போடற ஆளுங்களுக்கு மொத்த ஷாட் 40லேர்ந்து சுமார் 24 ஆகும். 20 நொடிப்படி 8 நிமிஷம், அடுக்க ரெண்டு நிமிஷம், ஆக 10. ஒரு மணி நேரத்துல நாலு கேம் ஆடின இடத்துல ஆறு கேம் ஆடலாம். சோஃபால இருக்கற நாலு பேருக்கு இது பெரிய வித்தியாசம்.

இதுல நீங்க என்ன இழக்கறீங்கன்னும் தெரிஞ்சுக்கணும். எயிட் பாலோட அழகே கூட்டத்துல ஆடறது. என் பந்து உன் பந்துக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கும், ரெண்டு மூணு பந்து ஒட்டிக்கிட்டு நிக்கும், அதை எப்ப உடைக்கறதுன்னு யோசிக்கணும். ஒன்பது பந்துல டேபிள் காலியாத் தெரியும், அந்த மூளை வேலை குறையும். அதோட முதல்ல அடிக்கறவருக்கு லாபம் கூடும். பிரேக்ல ரெண்டு விழுந்து அந்தப் பக்கத்தையே எடுத்தா பாதி தூரம் வந்தாச்சு. அதனால ஒன்பது பந்து ஆடினா பிரேக்கை மாத்தி மாத்திக் கொடுங்க, ஜெயிச்சவரே மறுபடி பிரேக் அடிக்கறது வேண்டாம். பிரேக்லயே 8 விழுந்தா அதை எடுத்து திரும்ப ஸ்பாட்ல வெச்சு ஆட்டத்தைத் தொடருங்க. ஏபிஏ மாதிரி சில இடத்துல பிரேக்ல 8 விழுந்தா ஜெயிச்சதா கணக்கு. மேட்ச் சின்னதா இருக்கும்போது அது லாட்டரி மாதிரி ஆயிடும்.

வெட்டு 4: கடிகாரம்

இப்ப ப்ரோக்கள் பக்கம் வருவோம். மோஸ்கோனி கோப்பை, 1994லேர்ந்து நடக்கற ஐரோப்பா எதிர் அமெரிக்கா போட்டி. அது நைன் பால்தான், ஆனா கடிகாரப் பாடம் நமக்கும் பொருந்தும். ஷாட்டுக்கு 30 நொடி, கேமுக்கு ஒரு தடவை மட்டும் கூடுதல் நேரம் கேக்கலாம். அவங்க நேரம் போறது யோசிக்கறதுல, அதனால நொடியை வெட்டறாங்க.

இதைவிடத் தீவிரமானது ஸ்நூக்கர் பக்கம் இருக்கு. ஸ்நூக்கர்னதும் ஒரு சின்ன ஊர்ப் பெருமை. 1875ல ஜபல்பூர்ல நெவில் சேம்பர்லேன்ங்கற பிரிட்டிஷ் அதிகாரி ஆரம்பிச்சதா சொல்லப்படற ஆட்டம் அது. 1882ல அதோட விதிகளை எழுதி ஒட்டினது நம்ம ஊட்டி கிளப்லன்னு சொல்வாங்க. நாள் கணக்குல நீளற அந்த ஆட்டத்தையே பத்து நிமிஷத்துல அடக்கின போட்டிதான் ஸ்நூக்கர் ஷூட் அவுட். ஒரு மேட்ச்சுக்கு ஒரே ஃப்ரேம், அதிகபட்சம் 10 நிமிஷம். முதல் அஞ்சு நிமிஷம் ஷாட்டுக்கு 15 நொடி, அடுத்த அஞ்சு நிமிஷம் 10 நொடி. எந்த ஃபவுலுக்கும் பால் இன் ஹேண்ட். ஒவ்வொரு ஷாட்லயும் பந்து விழணும், இல்ல ஏதாவது ஒரு பந்து குஷனைத் தொடணும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. மேட்ச்சுக்கு 10 நிமிஷம்னு மட்டும் விதி இருந்தா என்ன ஆகும்? முன்னாடி இருக்கறவர் நேரத்தைக் கடத்துவார். டேபிளைச் சுத்தி ரெண்டு ரவுண்ட், ஷூ லேஸ் கட்டறது, தண்ணி குடிக்கறது. மொத்த நேர வரம்பு மட்டும் வெச்சா தாமதம் ஒரு தந்திரமா மாறிடும். அதனாலதான் ஷாட் கடிகாரமும், குஷன் விதியும், பால் இன் ஹேண்டும் கூடவே இருக்கு. எல்லாம் சேர்ந்துதான் ஒரு விதி. ஒண்ணை மட்டும் பிச்சு எடுத்து உங்க டோர்னமெண்ட்ல போடாதீங்க.

'செஸ் கடிகாரம் மாதிரி ஆளுக்குப் பத்து நிமிஷம் கொடுத்துடலாமே'ன்னு தோணலாம். செஸ்ல ரெண்டு பேரும் மாறி மாறி ஒவ்வொரு நகர்வு பண்றாங்க, அதனால அது சரியா வரும். பூல்ல நல்லா ஆடறவர் ஒரே டர்ன்ல ஆறு ஷாட் அடிப்பார், அவர் கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும். ஒவ்வொண்ணா மிஸ் பண்றவர் கடிகாரம் நின்னுக்கிட்டிருக்கும். நல்லா ஆடறதுக்குத் தண்டனை! அதனால கடிகாரம்னா ஷாட்டுக்குத்தான் வெக்கணும், எல்லாப் பந்தும் நின்ன பிறகுதான் எண்ண ஆரம்பிக்கணும்.

நம்ம லெவலுக்கு எல்லாருக்கும் கடிகாரம் தேவையே இல்ல. கையில போன் வெச்சு ஒருத்தர் எண்ணிக்கிட்டே நின்னா புதுசா ஆடறவங்க பதறிடுவாங்க. டோர்னமெண்ட் நடத்தறவர் ஒரு மேட்ச் இழுக்குதுன்னு பாத்தா மட்டும் முதல்ல ஒரு எச்சரிக்கை, அப்புறம் அந்த மேட்ச்சுக்கு ஷாட்டுக்கு 45 நொடின்னு ஆரம்பிக்கலாம். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான். ஏன் இது போதும்னா, டோர்னமெண்டைக் கெடுக்கறது சராசரி மேட்ச் இல்ல. ஒரே ஒரு ஆமை மேட்ச் நடந்தா அடுத்த ரவுண்ட் முழுக்க அதுக்காகக் காத்திருக்கும். அந்த ஒண்ணை மட்டும் பிடிச்சா போதும்.

வெட்டு 5: மேட்ச்சைச் சுருக்கறது, அதோட விலை

கடைசியா கேம் எண்ணிக்கை. பூல்ல இதை ரேஸ்னு சொல்வாங்க. ரேஸ் டு 3ன்னா முதல்ல மூணு கேம் ஜெயிக்கறவருக்கு மேட்ச். வெட்ட ரொம்ப சுலபமானது இதுதான், ஒரு எண்ணை மாத்தினா போதும். அதனாலதான் எல்லாரும் முதல்ல இதுலயே கை வெக்கறாங்க. ஆனா விலையும் இதுலதான் இருக்கு.

ஒரு கேமுக்கு 60 சதவீதம் ஜெயிக்கற ஆள், அதாவது எதிராளியைவிட கொஞ்சம் நல்லா ஆடறவர். மேட்ச் ஜெயிக்க அவருக்கு என்ன வாய்ப்பு?

ரேஸ் டு 1: 60 சதவீதம்
ரேஸ் டு 2: 65
ரேஸ் டு 3: 68
ரேஸ் டு 5: 73
ரேஸ் டு 7: 77

மேட்ச் சின்னதாக ஆக முடிவை அதிர்ஷ்டம் எடுத்துக்குது. ஆனா உத்துப் பாருங்க, 3லேர்ந்து 2க்கு வந்தா மூணு சதவீதம்தான் போகுது. நேரமோ நல்லாக் குறையுது, சராசரி 4 கேம்லேர்ந்து இரண்டரைக்கு வருது. அதே சமயம் 2லேர்ந்து 1க்கு வந்தா அஞ்சு சதவீதம் போகுது, ஒரு கேம் தோத்ததும் வீட்டுக்கு. ஸ்நூக்கர் ஷூட் அவுட் ஒரே ஃப்ரேம்தான். 2017ல அதுக்கு ரேங்கிங் போட்டி அந்தஸ்து கொடுத்தப்ப சர்ச்சை வந்தது இதனாலதான். ஒரே ஃப்ரேம்ல திறமை ஜெயிச்சதா, நேரம் ஜெயிச்சதான்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம்.

ஏபிஏ இதுக்கு வேற வழி வெச்சிருக்கு, எல்லாருக்கும் ஒரே ரேஸ் கிடையாது. எயிட் பால்ல ஆடறவங்களுக்கு 2 முதல் 7 வரை ஸ்கில் லெவல். 7ல இருக்கறவர் 2ல இருக்கறவரோட ஆடினா அவர் 7 கேம் ஜெயிக்கணும், இவருக்கு 2 போதும். கத்துக்கிட்டிருக்கறவர் தோக்கறதுக்குன்னே வர்ற நிலைமை இல்ல. ஆபீஸ்ல இதை எளிமையா பண்ணலாம். நல்லா ஆடறவங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சவங்களுக்கு 3, மத்தவங்களுக்கு 2.

16 பேர், 2 டேபிள்: கணக்குப் போடலாம்

வழக்கமான நாக் அவுட்ல 15 மேட்ச். ரெண்டு டேபிள்ல முதல் ரவுண்டுக்கு நாலு சுற்று, காலிறுதிக்கு ரெண்டு, அரையிறுதிக்கு ஒண்ணு, ஃபைனலுக்கு ஒண்ணு. மொத்தம் எட்டு சுற்று.

முழு 15 பந்து, ரேஸ் டு 3. மேட்ச்சுக்கு நாலு கேம், கேமுக்கு 15 நிமிஷம், ஆக ஒரு மணி. எட்டு சுற்றுக்கு எட்டு மணி நேரம். காலைல பத்துக்கு ஆரம்பிச்சா சாயங்காலம் ஆறு, சாப்பாட்டு இடைவேளை இல்லாம.

ஒன்பது பந்து, ரேஸ் டு 3. கேமுக்கு 10 நிமிஷம், மேட்ச்சுக்கு 40. மொத்தம் 5 மணி 20 நிமிஷம். கேம் எண்ணிக்கைல கை வெக்காமலே 2 மணி 40 நிமிஷம் மிச்சம்.

ஒன்பது பந்து, ரேஸ் டு 2. மேட்ச்சுக்கு 25 நிமிஷம். மொத்தம் 3 மணி 20 நிமிஷம்.

வேகம்தான் முக்கியம்னா இங்கயே நிறுத்திக்கலாம். ஆனா இதுல எட்டு பேர் 25 நிமிஷம் மட்டும் ஆடிட்டு வெளிய போயிடறாங்க. பேர் கொடுத்து, வாரக் கடைசில கிளம்பி வந்து, ஒரே ஒருத்தரோட ஆடிட்டுத் திரும்பறது. அடுத்த தடவை அவங்க பேர் கொடுப்பாங்களா?

இன்னொரு அமைப்பு சொல்றேன். நாலு பேர் கொண்ட நாலு குரூப். குரூப்ல ஒவ்வொருத்தரும் மத்த மூணு பேரோட ஒரே ஒரு கேம், ஒன்பது பந்து. குரூப்புக்கு ஆறு கேம், மொத்தம் 24. ரெண்டு டேபிள்ல 12 சுற்று, சுற்றுக்கு 10 நிமிஷம், ஆக 2 மணி நேரம். ஒவ்வொரு குரூப்லேர்ந்தும் ரெண்டு பேர், எட்டு பேர் காலிறுதிக்கு. அங்கிருந்து ரேஸ் டு 2 நாக் அவுட், நாலு சுற்று, 100 நிமிஷம். மொத்தம் 3 மணி 40 நிமிஷம்.

நாக் அவுட்டைவிட வெறும் 20 நிமிஷம்தான் கூட. ஆனா 16 பேரும் குறைஞ்சது மூணு பேரோட ஆடியிருப்பாங்க, ஒரு கேம் சொதப்பினா வீட்டுக்குப் போக வேண்டியதில்ல. குரூப்ல சமநிலை வந்தா, தோத்த கேம்கள்ல டேபிள்ல உங்க பந்து எத்தனை மிச்சம் இருந்துச்சுன்னு கூட்டுங்க, கம்மியா இருக்கறவர் மேல போகட்டும். அதனால தோக்கற கேம்லயும் கடைசி வரைக்கும் ஆட ஒரு காரணம் இருக்கும்.

இதெல்லாம் சராசரிக் கணக்கு. நிஜத்துல கொஞ்சம் கூடவே ஆகும், அதனால அரை மணி நேரம் கைல வெச்சுக்கங்க. உங்க ஆளுங்க கேமுக்கு எவ்வளவு நேரம் எடுக்கறாங்கன்னு ரெண்டு மூணு கேம் போன்ல அளந்துட்டு, என் 10க்கும் 15க்கும் பதிலா அந்த எண்ணைப் போடுங்க.

சரி, நான் என்ன பண்ணட்டும்?

ரெண்டே பேர், ஆட்டத்தை ரசிச்சு ஆடணும்: முழு 15 பந்து. பால் இன் ஹேண்டும் குஷன் விதியும் மட்டும் சேருங்க. மத்ததைத் தொடாதீங்க.

ஆறு பேர், ஒரே டேபிள், ஒரு மணி நேரம்: ஒன்பது பந்து, எது விழுந்தாலும் செல்லும், 8ஐ மட்டும் சொல்லி அடிக்கணும். ஜெயிச்சவர் நிப்பார், தோத்தவர் வரிசைல கடைசிக்குப் போவார். ஆனா ஒருத்தர் தொடர்ந்து ரெண்டு கேம் ஜெயிச்சா அவரும் எழுந்திருக்கணும். இல்லன்னா நல்லா ஆடற ஒருத்தரே மணி முழுக்க ஆடுவார். இல்ல, மூணு மூணு பேரா ரெண்டு டீம் பிரிஞ்சு ஷாட்டுக்கு ஒருத்தரா மாறி மாறி அடிங்க, சோஃபா காலியாயிடும்.

ஆபீஸ் டோர்னமெண்ட்: நாலு குரூப், ஒன்பது பந்து, காலிறுதிலேர்ந்து ரேஸ் டு 2. ஃபைனலை மட்டும் 15 பந்துல ரேஸ் டு 3 வைங்க. அப்ப எல்லாரும் ஆடி முடிச்சுட்டுப் பாக்கறவங்க, யாரும் அவசரப்பட மாட்டாங்க.

நல்லா ஆடறவங்க மட்டும் கலந்துக்கற போட்டி: பந்தைக் குறைக்காதீங்க, ரேஸையும் 5க்குக் கீழ இறக்காதீங்க. ஷாட்டுக்கு 30 நொடி, கேமுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன். இவங்க நேரம் போறது யோசிக்கறதுல, அதை மட்டும் வெட்டினா போதும்.

விதியை மாத்தறதா இருந்தா முதல் பிரேக்குக்கு முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க, முடிஞ்சா ஒரு தாள்ல எழுதி சுவத்துல ஒட்டுங்க. நடு கேம்ல 'எங்க ஏரியால இப்படித்தான்'னு ஆரம்பிக்கற வாக்குவாதத்துக்குப் போற நேரத்தை எந்தக் கடிகாரத்தாலயும் மிச்சம் பண்ண முடியாது.

உங்க ஏரியால எயிட் பாலுக்கு என்ன விசேஷ விதி இருக்கு? எழுதி அனுப்புங்க. ஒன்பது பந்து ஆடிப் பாத்தீங்கன்னா கேமுக்கு எத்தனை நிமிஷம் ஆச்சுன்னும் சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.